நான்காம் கூறு

நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவன பெரும்பாலும் மூன்றே: நோயாளி, மருத்துவர், மருந்து. திருவள்ளுவரோ, மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் இம்மூன்றோடு நான்காவதாக ஒருவரையும் சேர்த்து எண்ணுகிறார். நோயாளியின் அருகிருந்து, வேளையறிந்து வேண்டியன செய்பவரே அந்த நான்காமவர். 'உழைச்செல்வான்' என்பது அவருக்கு வள்ளுவர் இட்ட பெயர். பள்ளி நாளில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அச்சொல்லின் பொருள், என் நாற்பத்தேழாம் வயதில், அல்சூர் வாடகை வீட்டின் முன்னறையில், மகளின் முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த நாள்களில்தான் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

எங்கள் குடும்பம் தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. மாமனார் பின்னி ஆலையில் வேலை தேடி வந்தவர். கணவர் ஓர் அச்சகத்தில் கணக்கர். நான் கோரமங்கலாவில் உள்ள மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். எங்கள் மூத்த மகளுக்கு அப்போது இருபது வயது. வணிகவியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவி. ஆனால், 'என்ன படிக்கிறாய்?' என்று யாரேனும் கேட்டால், 'கபடி விளையாடுகிறேன்' என்றே விடை கூறுவாள். அவள் பாட்டிக்கு அது சடுகுடு. 'எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் ஆற்று மணலில் ஆடுவார்கள். இவள் மெத்தை விரித்து ஆடுகிறாள்' என்று மாமியார் வியப்பார். 2010-ஆம் ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் மகளிர் கபடி முதன்முதலாக இடம்பெற்றதும், அதில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றதும் என் மகளின் தலைமுறைக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்ட நிகழ்ச்சிகள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி வரை அவளும் அவ்வாயிலின் வழியே நடந்து சென்றிருந்தாள்.

2024 சனவரியில், கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டம் ஒன்றில் அது நிகழ்ந்தது. யாரும் அவளைப் பிடிக்கவில்லை, யாரும் தள்ளவுமில்லை. எதிரணிக் களத்தில் பாடிச் சென்றவள், திரும்புவதற்காக வலக்காலை ஊன்றி உடலைத் திருப்பினாள். பாதம் மெத்தையிலேயே நிற்க, முழங்கால் மட்டும் உள்நோக்கி முறுகியது. 'டக்' என்றொரு ஒலி தனக்குள் கேட்டதாகப் பின்னர் சொன்னாள். இரண்டு மணி நேரத்தில் முழங்கால் இளநீர்க் காய் போல் வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர், முழங்காலுக்குள் முன்புறமாகக் குறுக்கே செல்லும் இணைநார், மருத்துவ வழக்கில் ஏ.சி.எல். எனப்படுவது, முற்றிலும் அறுந்துவிட்டது என்றார்.

அந்த நார் ஏறத்தாழச் சுண்டுவிரல் தடிப்புடையது. தொடை எலும்பின் மீது கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் முறுகாமலும் அதுவே காத்து நிற்கிறது. நேராக நடப்பவர்க்கு அதன் அருமை பெரிதாகத் தெரியாது. ஓடும்போதே திசை மாறுபவர்க்கும், குதித்து இறங்குபவர்க்கும் அதுவே அச்சாணி. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் மிகுதியாக ஏற்படுகிறது என்பதும், பெரும்பாலும் எவரும் மோதாத வேளையிலேயே ஏற்படுகிறது என்பதும் மருத்துவர் வாயிலாக நான் அறிந்தவை.

செய்தி பரவியதும் அறிவுரைகளும் வந்து சேர்ந்தன. இது நம் மக்களின் இயல்பு. அன்பின் ஒரு வடிவமும் ஆகும். எதிர்வீட்டு அம்மாள், 'புத்தூருக்கு அழைத்துப் போ. மூன்றே கட்டு, சரியாகிவிடும்' என்றார். மாமியார் பிரண்டையைத் தேடிப் பிடித்துத் துவையல் அரைத்தார். ஞாயிறுதோறும் ஆட்டுக்கால் சூப்பு வைத்தார். துவையலையும் சூப்பையும் மறுக்க எங்களுக்குக் காரணம் ஏதுமில்லை. புத்தூர்க் கட்டைப் பற்றி மருத்துவரிடமே கேட்டேன். அவர் நகைக்கவில்லை. 'முறிந்த எலும்பை அசையாமல் வைத்தால் அது தானே கூடும். கட்டின் பயன் அதுதான். ஆனால் இந்த நார் மூட்டு நீருக்குள் கிடக்கிறது. அறுந்த இரு முனைகளையும் இணைக்கவேண்டிய குருதி உறைந்து நிற்க அங்கே இடமில்லை. அசையாமல் கட்டிப் போட்டால் நாரும் கூடாது. தொடைத் தசையும் கரைந்துவிடும்' என்றார். பாட்டிக்கு இதை நான் தமிழில் எடுத்துரைத்தபோது, அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, 'அப்படியானால் தண்ணீரில் அறுந்த கயிறு' என்றார். அதைவிடத் தெளிவாக எவரும் சொல்லியிருக்க இயலாது.

மத்திய அரசு ஊழியர்களுக்கான நலத்திட்டத்தில், மகன் எனில் இருபத்தைந்து வயது வரையிலும், மகள் எனில் அவள் ஈட்டத் தொடங்கும் வரை அல்லது மணமாகும் வரை வயது வரம்பின்றியும் மருத்துவ உதவி உண்டு. ஆகவே சிகிச்சைச் செலவின் பெரும்பகுதிக்கு வழி இருந்தது. விடுப்புக்கோ வேறு கணக்கு. ஆறாவது ஊதியக்குழுவின் பரிந்துரைப்படி 2008-இல் வந்த குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் வரை பெண் ஊழியர்க்குக் கிடைக்கும். ஆனால் பிள்ளை பதினெட்டு வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இருபது வயது மகள் அவ்விதியின் கண்ணில் குழந்தையல்லள். எனவே என் ஈட்டிய விடுப்பிலிருந்து முப்பது நாள் எழுதிக் கொடுத்தேன். மருத்துவ உதவிக்கு அவள் என்னைச் சார்ந்தவள். விடுப்புக்கோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பெரியவள். இரண்டு விதிகளையும் எழுதியவர்கள் வெவ்வேறு அலுவலகத்தில் அமர்ந்திருந்திருக்கலாம். ஆயினும் அடுத்து வந்த மாதங்களில், இரண்டும் ஒருங்கே உண்மை என்பதை நான் நாள்தோறும் கண்டேன்.

அறுவை உடனே நடைபெறவில்லை. வீக்கம் வடிந்து, முழங்கால் முற்றிலும் நீளவும் மடங்கவும் பழகிய பின்னரே கத்தி வைக்கவேண்டும் என்று மருத்துவர் ஐந்து வாரம் காக்க வைத்தார். பிப்ரவரி 26-ஆம் நாள் அறுவை நடந்தது. தொடையின் பின்புறத்திலிருந்து தசைநாண் எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அறுந்த நாரின் இடத்தில் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினாள்.

முதல் பாடம் மிகச் சிறியது. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைத் தொடைத் தசையால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும் வரை அழுத்திப் பிறகு தளர்த்த வேண்டும். அவ்வளவே. களத்தில் நால்வர் பிடியை உதறிக்கொண்டு கோட்டைத் தொட்டு மீண்ட அந்தத் தொடை, முதல் நாள் அசையவே மறுத்துவிட்டது. மூளை இடும் கட்டளை தசையைச் சென்று சேரவில்லை. பத்து நாளில் வலத்தொடை, இடத்தொடையைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிந்தது. அவள் அழுதது வலியால் அன்று, அதைக் கண்டுதான்.

இரவில் கழிவறைக்குச் செல்லக் கையூன்றுகோலோடு துணை வேண்டும். குளிக்கும்போது கட்டில் நீர் படாமல் நெகிழித் தாளைச் சுற்றவேண்டும். வேளைக்கு ஐஸ் ஒத்தடம். இவற்றையெல்லாம் ஒரு தாய் தயக்கமின்றிச் செய்துவிடுவாள். கைக்குழந்தைக்குச் செய்து பழகிய கைகள்தாமே! ஆனால் எதிரில் இருப்பது கைக்குழந்தையன்று. தன் உடலைத் தானே ஆண்டுவந்த ஒரு வீராங்கனை. ஒருநாள் நான் அவள் காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தபோது, 'அம்மா, என்னைக் கேட்டுவிட்டுத் தூக்கு' என்றாள். சினமில்லாத குரல்தான். அன்றிலிருந்து நான் கேட்டுவிட்டே தொட்டேன். கேட்கத் தொடங்கியதும், பாதி வேலைகளுக்கு, 'நானே செய்கிறேன்' என்னும் விடை வந்தது. நான்காமவரின் தொழில் எங்கே தொடங்குகிறது என்பது எவர்க்கும் தெரியும். எங்கே முடிகிறது என்பதை நோயாளியைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

எழுத்தர் தொழிலின் பழக்கத்தால் ஒரு நீளப் பதிவேடு போட்டிருந்தேன். நாள், பயிற்சி, எத்தனை முறை, முழங்கால் எத்தனை பாகை மடங்கிற்று, வீக்கம் உண்டா இல்லையா என்று கட்டம் கட்டி எழுதிவந்தேன். மூன்றாம் வாரம் முடிந்து நான் அலுவலகம் செல்லவேண்டிய நாள் நெருங்கிற்று. அப்போது அவளே எழுதுகோலை வாங்கிக்கொண்டாள். அதன்பின் அப்பதிவேட்டில் என் கையெழுத்து இல்லை. மாலையில் வீடு திரும்பி, அன்றைய வரியைப் படிப்பது மட்டுமே என் பணியாயிற்று.

இயன்முறை மருத்துவர் ஒரு கன்னடப் பெண்மணி. 'நிதானவே ப்ரதானா' என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் கன்னடப் பழமொழி. நிதானமே தலையாயது என்று பொருள். 'எங்களிடமும் உண்டு, பதறாத காரியம் சிதறாது' என்றேன். அவர் அதைத் தம் கன்னட நாவால் சொல்லிப் பார்த்து, அடுத்த நோயாளியிடம் எடுத்துரைத்தும் விட்டார். இந்நகரில் நாம் கொண்டு வந்ததும் பெற்றுக்கொண்டதும் இப்படித்தான் கலந்து கிடக்கின்றன.

ஆறாம் வாரத்தில் ஊன்றுகோல் போய், மாலை நடை தொடங்கிற்று. அல்சூர் ஏரிக்கரை, நம் தமிழ்ச் சங்கத்தின் எதிர்ப்புறம், வள்ளுவர் சிலை வரை நடப்போம். 1991-இல் நிறுவப்பெற்ற அச்சிலை, திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாளன்று கலைஞர் கருணாநிதி அவர்களால் திறந்துவைக்கப்பட்டதை இம்மலரின் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மகள் அப்போது ஐந்து வயதுச் சிறுமி. அவ்வரலாற்றை நடையினூடே சொன்னேன். அவள் சிலையை நிமிர்ந்து பார்த்து, 'அவர் பதினெட்டு ஆண்டு நின்றார். எனக்கு ஒன்பது மாதம்தானே' என்றாள். காயம் பட்ட பின் அவள் விளையாட்டாகப் பேசிய முதல் பேச்சு அது.

ஒன்பது மாதம் என்பது காரணத்தோடு விதிக்கப்பட்ட தவணை. பொருத்திய தசைநாண் முதலில் தன் உயிர்ப்பை இழக்கிறது. பின்னர் அதனுள் புதிய குருதி நாளங்கள் ஊடுருவி, புதிய இழைகள் தோன்றி, அது மெல்ல மெல்ல இணைநாராக மாறுகிறது. அம்மாற்றம் நிகழும் இடைக்காலத்தில், பொருத்திய நாளில் இருந்ததைவிட அது வலுக் குறைந்து நிற்கிறது. இதில் ஒரு வஞ்சம் உண்டு. மூன்றாம் மாதத்தில் வலி இல்லை; வீக்கம் இல்லை; நடையில் குறை இல்லை. 'நலமாகிவிட்டேன்' என்று உடல் சொல்கிறது. உள்ளே நாரோ இன்னும் பச்சை மண்ணாகவே இருக்கிறது. 2016-இல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, களம் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும் மறுகாயத்தின் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று காட்டியது.

அந்த மார்ச்சு மாதம் 23-ஆம் நாள், 2022 டிசம்பர் 30-ஆம் நாள் கார் விபத்தில் சிக்கி முழங்கால் இணைநார் அறுவை செய்துகொண்ட ரிஷப் பந்த், ஏறத்தாழப் பதினைந்து மாதம் கழித்துக் களமிறங்கினார். அவர் உடல் தேறியது பெரும்பாலும் நம் நகரத்தில், அப்போது சின்னசாமி அரங்கத்தில் இயங்கிய தேசிய கிரிக்கெட் அகாதெமியில்தான். எங்கள் வீட்டிலிருந்து அது சில நிறுத்தத் தொலைவே. 'உலகறிந்த வீரரே பதினைந்து மாதம் காத்திருந்தார்' என்று தொலைக்காட்சி முன் அமர்ந்து கணவர் சொன்னார். மகள் மறுமொழி கூறவில்லை, துண்டை அழுத்திக்கொண்டிருந்தாள்.

உண்மையான சோதனை ஆகஸ்டில் வந்தது. ஒரு பொதுத்துறை நிறுவனம் மகளிர் கபடி அணிக்கு வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கப் போவதாக அறிவித்தது. தேர்வு பெற்றால் வேலை. அறுவை நடந்து ஐந்தரை மாதமே ஆகியிருந்தது. விளையாட்டு வீரர்க்கான ஒதுக்கீடு எவ்வளவு அரிது என்பது என்னைப் போன்ற எழுத்தருக்குத் தெரியாததன்று. மத்திய அரசின் 'சி' பிரிவு நேரடி நியமனங்களிலேயே அதிகளவு நூற்றுக்கு ஐந்துதான். வாடகை வீட்டில் இரண்டு தலைமுறை வாழ்ந்த குடும்பத்திற்கு நிலையான வேலை என்பது என்ன என்று புலம்பெயர்ந்து வந்த நமக்குத்தான் முழுமையாகப் புரியும். அந்த அறிவிப்பை நானும் இருமுறை படித்தேன்.

அவளுடைய வாதமும் எளியதன்று. 'வினேஷ் போகத்தைப் பார், அம்மா. 2023 ஆகஸ்டில் முழங்கால் அறுவை. 2024 பிப்ரவரியில் தேசியப் போட்டியில் வெற்றி. ஆறு மாதம்கூட ஆகவில்லை' என்றாள். அதே வாரத்தில்தான் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ், அதுவரை வெளிநாட்டு வீராங்கனை எவரிடமும் தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாகியை வென்றிருந்தார். மறுநாள், எடை நூறு கிராம் கூடியதால் அவர் இறுதிப்போட்டியை இழந்த துயரை நாடே அறியும். ஆயினும் முழங்காலைப் பொறுத்தவரை என் மகள் சொன்னது மெய். பாட்டியோ வேறொரு கவலையில் இருந்தார்: 'காலில் தழும்போடு இருக்கிறாள், இன்னும் ஒருமுறை விழுந்தால் வரன் பார்ப்பது எப்படி?' கணவர் நாளிதழுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தனர்.

'போகாதே' என்று சொல்ல எனக்கு உரிமை இருந்ததா? இருபது வயது நிரம்பியவள். அவள் முழங்கால் அவளுடையது. 'போ' என்று சொல்ல மனம் வந்ததா? அதுவும் இல்லை. 'பிசியோ அம்மாவிடம் அளந்து பார்ப்போம். அளந்த பின் நீ சொல்வதே முடிவு' என்றேன். அவளும் இசைந்தாள்.

அளவு என்பது ஒற்றைக் காலால் முன்னோக்கித் தாவி, அதே காலில் தடுமாறாமல் நிற்பது. காயம்பட்ட கால், நல்ல காலின் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது தாவ வேண்டும். இடக்கால் 132 சென்டிமீட்டர் தாவிற்று. வலக்கால் 103. மூன்று முறை முயன்றாள். அதற்கு மேல் ஏறவில்லை. நூற்றுக்கு எழுபத்தெட்டு. இயன்முறை மருத்துவர் அறிவுரை ஏதும் கூறவில்லை. 'வினேஷுக்கு உடனிருந்து கால் பார்க்கவே ஒருவர் இருந்தார். ஆனால் அதைவிட, அவர் கால் அவருடையது, உன் கால் உன்னுடையது' என்று மட்டும் கன்னடத்தில் சொன்னார். மகள் பதிவேட்டைப் பிரித்து 78 என்று எழுதினாள். அதன் கீழே, 'தேர்வுக்குச் செல்லவில்லை' என்றும் எழுதினாள். பேருந்தில் வீடு வந்து சேரும் வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பேசவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தேன். அன்றைக்கு என் வேலை அவ்வளவே.

அடுத்த மாதம் பாரிஸ் மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் சேலத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் வெண்கலம் வென்றார். 2016-இல் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, இப்போது இது. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த அவரை வளர்த்தவர் காய்கறி விற்ற தாய் சரோஜா. மகனின் சிகிச்சைக்காகக் கடன்பட்டவர். அம்மகன் பயிற்சி பெற வந்து சேர்ந்த நகரம் நம் பெங்களூர். தாண்டியவர் மகன், குறுக்குக் கம்பிக்கு இப்பால், யார் கண்ணிலும் படாமல் நின்றவர் அந்தத் தாய். அவர் படம் செய்தித்தாளில் வந்தபோது மாமியார் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். வரன் பேச்சு அதன்பின் எங்கள் வீட்டில் சில மாதம் எழவில்லை.

நவம்பர் இறுதியில், ஒன்பது மாதம் நிறைந்த பின், மீண்டும் அளந்தார்கள். இடக்கால் 134, வலக்கால் 125. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. டிசம்பரில் மெத்தையில் இறங்கினாள். முதல் இரண்டு வாரம் பிடிப்பதற்கு மட்டும். பாடிச் செல்ல மூன்றாம் வாரத்தில்தான் இசைவு கிடைத்தது. அந்த வலக்காலை ஊன்றித் திரும்ப வேண்டிய நொடியில் அவள் தயங்கினாள், பிடிபட்டாள். நாருக்கு வந்துவிட்ட வலு நெஞ்சுக்கு வர இன்னும் சில மாதம் ஆயிற்று. அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இழந்த அந்த வேலை திரும்ப வரவில்லை. வேறு அறிவிப்புகள் வருகின்றன. விளையாட்டு வீரர்க்கு வயது வரம்பில் தளர்வும் உண்டு. அவள் விண்ணப்பிக்கிறாள். எதையும் உறுதியாகச் சொல்ல நான் துணியவில்லை. ஆனால் நம் குடும்பங்களில் பெண்பிள்ளை விளையாட்டில் விழுந்தால், 'போதும், இனி வேண்டாம்' என்னும் சொல்லே முதலில் எழுகிறது. அச்சொல்லை ஒன்பது மாதம் அடக்கி வைத்திருந்து, அளவுகோலை அவள் கையிலேயே கொடுத்துப் பார்த்தால் என்ன நிகழும் என்பதற்கு, எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பதிவேடு சான்றாக இருக்கிறது. முதல் மூன்று வாரம் என் கையெழுத்து. மற்றவை யாவும் அவளுடையவை.